மிஸ் இந்தியா கிரீடம் யார் தலைக்கு? விண்ணப்பம் முதல் கடைசிக் கேள்வி வரை

"சித்தி, மிஸ் இந்தியாவுக்கு அப்ளை பண்ணலாம்னு இருக்கேன்."

திருச்சியில் அக்கா வீட்டு அடுப்படி வாசலில் நின்றபடி அக்கா மகள் இதைச் சொன்னதும், அக்கா தோசைத் திருப்பியோடு திரும்பிப் பார்த்து, "முதல்ல அரியர் பேப்பரை எழுது" என்றாள். பேச்சு அங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 2018-ல் எங்கள் ஊர்ப் பெண் அனுகிரீத்தி வாஸ் அந்தக் கிரீடத்தை வென்றபோது இவள் ஏழாம் வகுப்பு. அப்போது மனசில் விழுந்த விதை. சரி, செய்வதைத் தெரிந்துகொண்டு செய்யட்டும் என்று நான் தேடித் தொகுத்ததுதான் இந்த வழிகாட்டி. விண்ணப்பிக்க நினைக்கும் பெண்களுக்கும், 'எப்படித்தான் ஒருத்தியைத் தேர்ந்தெடுக்கிறார்கள்' என்று டிவி முன்னால் தலையைச் சொறிபவர்களுக்கும் பயன்படும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை அழகுக்குக் கொடுக்கும் பரிசு என்று நினைத்தால் பாதி விஷயம் புரியாது. இது ஒரு வேலைக்கு ஆள் எடுக்கும் நடைமுறை. ஒரு வருடம் நாட்டின் பெயரைத் தோளில் மாட்டிக்கொண்டு, தூக்கம் கெட்டு, கேமரா முன்னால் சிரித்து, அப்புறம் உலக மேடையில் போய் நிற்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளைத்தான் தேடுகிறார்கள்.

முதலில், எந்த மிஸ் இந்தியா?

இதில்தான் பாதிப் பேர் குழம்புகிறார்கள். 1947-ல் முதல் மிஸ் இந்தியா பட்டம் பெற்றவர் கல்கத்தாவைச் சேர்ந்த எஸ்தர் விக்டோரியா ஆபிரகாம். பிரமீளா என்ற பெயரில் இந்திப் படங்களில் நடித்தவர். 1952-ல் மிஸ் யுனிவர்ஸ் போட்டி அமெரிக்காவின் லாங் பீச்சில் தொடங்கியபோது இந்தியா சார்பில் போனவர் இந்திராணி ரஹ்மான். சென்னையில் பிறந்தவர், பரதநாட்டியக் கலைஞர். போகும்போதே அவருக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் இருந்தது. இன்றைய மிஸ் இந்தியா விதிப்படி அவருடைய விண்ணப்பம் முதல் பக்கத்திலேயே திரும்பி வந்திருக்கும்!

இன்று நாம் 'மிஸ் இந்தியா' என்று சொல்வது பெரும்பாலும் ஃபெமினா மிஸ் இந்தியாவை. டைம்ஸ் குழுமத்தின் ஃபெமினா பத்திரிகை 1964-ல் தொடங்கிய போட்டி; முதல் பட்டம் மெஹர் காஸ்டெலினோ மிஸ்திரிக்கு. அதே காலத்தில் ஈவ்ஸ் வீக்லி என்ற பத்திரிகையும் தனியாகப் போட்டி நடத்தி ஆள் அனுப்பியது. 1966-ல் மிஸ் வேர்ல்ட் வென்ற முதல் ஆசியப் பெண்ணான ரீட்டா ஃபாரியா அந்த வழியாகப் போனவர்தான். அப்போது அவர் மருத்துவ மாணவி.

வெகுகாலம் ஒரே மேடையில் பல பட்டங்கள் கொடுத்தார்கள். ஒருத்தி மிஸ் யுனிவர்ஸுக்கு, ஒருத்தி மிஸ் வேர்ல்டுக்கு, இன்னொருத்தி ஆசிய பசிபிக் போட்டிக்கு. 2000-ல் லாரா தத்தா, பிரியங்கா சோப்ரா, தியா மிர்சா என்று ஒரே மேடையில் நின்ற மூவரும் அந்தந்த உலகப் பட்டத்தோடு திரும்பிவந்தது இப்படித்தான். இப்போது பாதை பிரிந்துவிட்டது. மிஸ் யுனிவர்ஸுக்கு ஆள் அனுப்பும் உரிமை 2010 முதல் சில ஆண்டுகள் சுஷ்மிதா சென்னின் 'ஐ ஆம் ஷி' போட்டியிடம் இருந்தது. பிறகு மிஸ் திவா வந்தது; 2021-ல் மிஸ் யுனிவர்ஸ் பட்டம் வென்ற ஹர்னாஸ் சந்து அங்கிருந்துதான் போனார். 2024 முதல் 'மிஸ் யுனிவர்ஸ் இந்தியா' என்று வேறொரு நிறுவனம் நடத்துகிறது. ஃபெமினா மிஸ் இந்தியா ஜெயித்தால் போகும் இடம் மிஸ் வேர்ல்ட்.

எதில் சேரப்போகிறோம் என்பதை இங்கேயே முடிவு செய்துவிட வேண்டும், ஏனென்றால் விதிகள் வேறு. மிஸ் யுனிவர்ஸ் அமைப்பு 2023 போட்டியிலிருந்து கல்யாணமானவர்களையும் தாய்மார்களையும் சேர்த்துக்கொள்கிறது. 2024-லிருந்து வயது உச்சவரம்பும் இல்லை. மிஸ் இந்தியாவில் அந்தத் தளர்வு இல்லை. கீழே நான் சொல்வதெல்லாம் ஃபெமினா மிஸ் இந்தியாவை வைத்து.

படி 1: கதவு நிலையில் கோடு போட்டுப் பாருங்கள்

சமீப ஆண்டுகளில் கேட்கும் தகுதிகள் எளிமையானவை. வயது 18 முதல் 25 வரை. உயரம் ஹீல்ஸ் இல்லாமல் 5 அடி 3 அங்குலம். கல்யாணம், நிச்சயதார்த்தம் எதுவும் ஆகியிருக்கக் கூடாது. இந்திய பாஸ்போர்ட் வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமையோடு ஓசிஐ அட்டை (வெளிநாட்டு இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வைத்திருப்பவர்கள் இரண்டாவது ரன்னர்-அப், அதாவது மூன்றாம் இடத்துக்கு மட்டுமே போட்டியிடலாம். ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒரு வரி மாறும் என்பதால் அந்த வருட விண்ணப்பத்தை ஒரு முறை முழுதாகப் படியுங்கள்.

உயரம் முன்பு 5 அடி 5 அங்குலமாக இருந்தது. நம் பக்கத்துப் பெண்களில் எத்தனை பேரை அந்த இரண்டு அங்குலம் வாசலிலேயே நிறுத்தியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். குறைத்தது நல்ல காரியம். எங்கள் வீட்டில் கதவு நிலையில் பென்சில் கோடு போட்டு அளந்தோம். சரியாக 5 அடி 3. அக்கா டேப்பைப் பிடுங்கி இரண்டாவது முறை அளந்தாள். அதே அளவுதான்.

படி 2: விண்ணப்பம், புகைப்படம், வீடியோ

விண்ணப்பம் போட்டியின் அதிகாரப்பூர்வ இணையதளம் வழியாக. பெயர், அளவுகள், படிப்பு, எந்த மாநிலத்துக்காக நிற்கிறீர்கள் என்ற விவரம். கூடவே முகம் நெருக்கமாக ஒன்று, இடுப்பு வரை ஒன்று, முழு உருவம் ஒன்று என்று புகைப்படங்கள். உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளும் வீடியோ, நடந்து காட்டும் வீடியோ.

இங்கே எல்லோரும் செய்யும் தவறு, கல்யாண ரிசப்ஷன் மேக்கப்போடு ஸ்டுடியோவில் எடுத்த படத்தை அனுப்புவது. தேர்வு செய்பவருக்கு வேண்டியது, மேக்கப் கலைஞர் கையில் இந்த முகம் என்னவாக மாறும் என்று பார்க்க ஒரு வெற்றுச் சுவர். முடியைக் கட்டி, வெள்ளைச் சுவர் முன்னால், ஜன்னல் வெளிச்சத்தில், எளிய டீஷர்ட்டில் நில்லுங்கள். ஃபில்டர் வேண்டாம். நேரில் பார்க்கும்போது எப்படியும் தெரிந்துவிடும்.

வீடியோவில் பெயர், ஊர், படிப்பு என்று ஒப்பிக்காமல் உங்களிடம் மட்டும் இருக்கும் ஒன்றைச் சொல்லுங்கள். அக்கா மகள் முதலில் "எனக்குப் பயணம் பிடிக்கும், இசை பிடிக்கும்" என்று எடுத்தாள். யாருக்குத்தான் பிடிக்காது? இரண்டாவது தடவை, காவிரியில் தண்ணீர் வரும் நாளில் பாட்டியோடு அம்மா மண்டபம் படித்துறைக்குப் போவதைப் பற்றிப் பேசினாள். அது அவளாக இருந்தது.

இன்னொரு எச்சரிக்கை. 'மிஸ் தமிழ்நாடு', 'மிஸ் சவுத்' என்று ஊருக்கு நாலு போட்டிகள் நடக்கின்றன. சில நேர்மையானவை, சில பணம் கறக்கும் கடைகள். பேரைப் பார்த்து மிஸ் இந்தியாவின் முதல் சுற்று என்று நம்பிவிடாதீர்கள். "மும்பையில் ஆள் இருக்கு, டாப் டென்னுக்குள் கொண்டு வந்துடுறேன்" என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.

படி 3: ஆடிஷனும் மாநில இடமும்

2017-ல் போட்டியின் அமைப்பையே மாற்றினார்கள். அதுவரை பெருநகரங்களில் ஆடிஷன் வைத்து, யார் எந்த ஊராக இருந்தாலும் நல்லவர்களை எடுத்துக்கொள்வார்கள். 2017 முதல் மாநிலத்துக்கு ஒருவர் என்று 30 பேர் இறுதிப் போட்டிக்குப் போக ஆரம்பித்தார்கள். மாநில அளவில் சிலரைத் தேர்ந்து, வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு என்று மண்டல அளவில் வடிகட்டி, அதிலிருந்து மாநில வெற்றியாளரை அறிவிப்பார்கள். முன்னாள் மிஸ் இந்தியா நேஹா தூபியா வழிகாட்டியாக இருந்து பயிற்சி கொடுப்பார். கோவிட் காலத்தில் ஆடிஷன் இணையத்துக்கு மாறியது. 2020-க்கான பட்டமே 2021 பிப்ரவரியில்தான் தெலங்கானாவின் மானசா வாராணசிக்குக் கிடைத்தது.

இந்த மாற்றத்தின் விளைவு முக்கியமானது. முதல் கட்டத்தில் உங்கள் போட்டி முழு இந்தியாவோடு இல்லை, உங்கள் மாநிலத்துப் பெண்களோடு மட்டும். மாடலிங் தொழில் செழித்த மாநிலத்தில் அந்த ஒரு இடத்துக்கு அடிதடி. பெரிய மாடலிங் சந்தை இல்லாத மாநிலத்துப் பெண்ணுக்கும் இறுதி மேடையில் ஒரு இடம் உறுதி. நியாயமா என்று கேட்டால், மும்பை, டெல்லிப் பெண்களே மேடையை நிரப்பிய காலத்தைவிட நியாயம் என்பேன்.

ஆடிஷனில் முதலில் அளவெடுப்பார்கள், நடக்கச் சொல்வார்கள், அறிமுகம் கேட்பார்கள், ஓரிரு கேள்விகள். மொத்தமே சில நிமிடங்கள். நடையில் பார்ப்பது ஸ்டைலை அல்ல. தோள் தளராமல், பார்வை தரையில் விழாமல், திரும்பும் இடத்தில் தடுமாறாமல் வருகிறாளா என்பதைத்தான். ஹீல்ஸ் பழக்கம் இல்லாவிட்டால் மூன்று மாதம் முன்னாலேயே வீட்டில் போட்டுக்கொண்டு பாத்திரம் தேய்க்கலாம், துணி மடிக்கலாம். சிரிக்காதீர்கள். கால் மரத்துப்போன பிறகும் முகம் மாறாமல் இருப்பதுதான் இங்கே பாடம்.

நிறம் பற்றியும் சொல்லாமல் போக முடியாது. 2019-ல் 30 இறுதிப் போட்டியாளர்களின் முகங்களை ஒரே பக்கத்தில் அச்சிட்டபோது, எல்லோரும் ஒரே நிறத்தில், ஒரே மாதிரித் தலைமுடியோடு, அக்கா தங்கைகள் போல இருந்ததைப் பார்த்து சமூக ஊடகங்களில் பெரிய விமர்சனம் எழுந்தது. அதில் உண்மை இருக்கிறது. 30 மாநிலங்கள் என்று பிரித்த பிறகும் முகத்துக்கு ஒரே அச்சு என்றால், பிரித்து என்ன பயன்? மாநிறமான பெண் விண்ணப்பிக்கும்போது இதைத் தெரிந்துகொண்டே போக வேண்டும். தெரிந்துகொண்டு போகட்டும், பயந்து நிற்க வேண்டாம்.

படி 4: கேமரா அணைந்த பிறகும் நடக்கும் தேர்வு

தேர்வான பெண்களை ஓரிடத்தில் தங்க வைத்துப் பயிற்சி கொடுப்பார்கள். நடை, பேச்சு, உடற்பயிற்சி, சரும பராமரிப்பு, போட்டோஷூட். இடையிடையே துணைப் போட்டிகள்: மிஸ் ஃபோட்டோஜெனிக், மிஸ் பியூட்டிஃபுல் ஸ்மைல், மிஸ் டேலன்டட், மிஸ் மல்டிமீடியா, மிஸ் பாடி பியூட்டிஃபுல் என்று.

இவற்றை ஆறுதல் பரிசு என்று நினைப்பது தவறு. ஒவ்வொன்றும் மிஸ் வேர்ல்டில் வரப்போகும் ஒரு சுற்றுக்கு ஒத்திகை. அங்கே 2003 முதல் திறமை, விளையாட்டு, டாப் மாடல் போன்ற சுற்றுகளில் ஜெயிப்பவர்கள் நேரடியாக அடுத்த கட்டத்துக்குப் போகும் வழி இருக்கிறது. நம் பெண்ணுக்கு அதில் எது வரும் என்று இங்கேயே பார்த்துவிடுகிறார்கள்.

காலை ஆறு மணிக்கு ஒத்திகைக்கு யார் நேரத்துக்கு வருகிறார்கள், தையற்காரரிடம் யார் எரிந்து விழுகிறார்கள் என்பதையும் கூட இருப்பவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். மார்க் ஷீட்டில் அதற்குக் கட்டம் இருக்காது. ஆனால் ஒரு வருடம் கூடவே வேலை செய்யப்போகிறவர்கள் அவர்கள். பெண் பார்க்கப் போன வீட்டில் காப்பியைவிட, காப்பி கொண்டுவந்த விதத்தைப் பார்ப்பார்களே, அப்படி.

படி 5: மூடிய கதவுக்குப் பின்னால் நேர்காணல்

டிவியில் வராத இந்தச் சுற்றுதான் என் கணிப்பில் கிரீடத்தைத் தீர்மானிக்கிறது. மேடையில் ஒரு கேள்வி, அரை நிமிடம். நேர்காணல் அறையிலோ நிதானமாக உட்கார வைத்து, நீங்கள் விண்ணப்பத்தில் எழுதிய ஒவ்வொரு வரியையும் உரித்துப் பார்ப்பார்கள். "சமூக சேவை பிடிக்கும்" என்று எழுதியிருந்தால், "கடைசியாக எப்போது செய்தீர்கள்?" என்பது அடுத்த கேள்வி. செய்யாததை எழுதினால் அங்கேயே மாட்டுவோம்.

தயாராவதற்கு வழி, பதில்களை மனப்பாடம் செய்வது அல்ல. உங்கள் விண்ணப்பத்தை வீட்டில் யாரிடமாவது கொடுத்து, வரிக்கு மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். தினமும் ஒரு செய்தித்தாளை முழுதாகப் படித்து, ஒரு செய்தியைப் பற்றி ஒரு நிமிடம் பேசுங்கள். 'இதைப் பற்றி எனக்கு முழுதாகத் தெரியாது. ஆனால் நான் பார்த்தவரை...' என்று தொடங்கும் நேர்மையான பதிலுக்கு, பொய்யான கம்பீரத்தைவிட மதிப்பு அதிகம்.

ஆங்கிலம் பற்றிப் பயப்படும் பெண்களுக்கு: மிஸ் வேர்ல்ட் மேடையிலேயே மொழிபெயர்ப்பாளர் வைத்துக்கொண்டு பதில் சொல்பவர்கள் உண்டு. உச்சரிப்பைவிட, சொல்ல ஒரு விஷயம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஆனாலும் நடைமுறை என்னவென்றால், ஆங்கிலத்தில் சரளமாக இருந்தால் வசதிதான். மறைப்பானேன்?

படி 6: இறுதி இரவும் மார்க் கணக்கும்

மேடைக்கு முன்னால் நடுவர்கள். 2018 மும்பை இறுதிப் போட்டியில் நடிகர்களோடு இர்ஃபான் பதான், கே.எல். ராகுல் என்று இரண்டு கிரிக்கெட் வீரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கிரிக்கெட் வீரருக்கு இதில் என்ன தெரியும் என்று அக்கா கேட்டாள். அழகு பற்றி அவருக்கு நிபுணத்துவம் வேண்டியதில்லை. கூட்டத்தின் முன் பதற்றத்தை அடக்குவது எப்படி என்று அவருக்குத் தெரியும். தவிர, பிரபலங்கள் இருந்தால்தான் நிகழ்ச்சி விற்கும்.

எல்லோரும் மேடையேறிய பிறகு எண்ணிக்கை பாதியாகும், அப்புறம் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கும். வடிவமைப்பாளர்களின் இந்திய உடை, கவுன் என்று சுற்றுகள் போக, கடைசியில் கேள்வி பதில். டிவியில் நமக்குப் பெயர்கள்தான் தெரியும், மார்க் தெரியாது. அதனால்தான் "இவளா?" என்று ஆச்சரியப்படுகிறோம். இதைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனைக் கணக்கு போடலாம்.

ஐந்து நடுவர்கள், பத்துக்கு மார்க். முதல் பெண்ணுக்கு 9, 9, 9, 9, 6. இரண்டாவது பெண்ணுக்கு ஐந்து பேரும் 8.5. கூட்டிச் சராசரி எடுத்தால் முதல் பெண்ணுக்கு 8.4, இரண்டாவது பெண்ணுக்கு 8.5. கிரீடம் இரண்டாவது பெண்ணுக்கு. ஐந்தில் நான்கு பேர் முதல் பெண்ணைத்தான் விரும்பினார்கள், ஆனாலும் தோற்றாள். அதே தாள்களில் அதிகபட்சம் ஒன்றையும் குறைந்தபட்சம் ஒன்றையும் நீக்கிச் சராசரி எடுத்தால் முதல் பெண்ணுக்கு 9, இரண்டாவது பெண்ணுக்கு 8.5. கிரீடம் இடம் மாறிவிட்டது! மார்க்குக்குப் பதில் ஒவ்வொரு நடுவரும் முதல் இடம், இரண்டாம் இடம் என்று வரிசை போட்டாலும் முதல் பெண்தான் ஜெயிப்பாள். ஆக, கணக்குப் போடும் முறையும் ஒரு நடுவர்தான். சராசரி முறையில் சிலரைக் கிறங்கடிப்பவளைவிட, யாருக்கும் பிடிக்காமல் போகாதவளுக்கே வாய்ப்பு அதிகம்.

சம மார்க் வந்தால்? 1994-ல் கோவாவில் அதுதான் நடந்தது. சுஷ்மிதா சென், ஐஸ்வர்யா ராய் இருவருக்கும் 9.33. டை பிரேக்கராக ஆளுக்கொரு கேள்வி. ஐஸ்வர்யாவிடம் இரண்டு அமெரிக்க டிவி தொடர்களின் நாயகர்களைச் சொல்லி, கணவரிடம் எந்தக் குணத்தைத் தேடுவீர்கள் என்று கேட்டார்கள். சுஷ்மிதாவிடம் இந்தியாவின் நெசவுப் பாரம்பரியம் பற்றிக் கேட்க, அவர் காந்தியின் கதரிலிருந்து தொடங்கிப் பதில் சொன்னார். இரண்டு கேள்வியும் ஒரே எடை என்று யார் சொல்வார்கள்? கதரைப் பற்றிப் பேச வழி இருக்கிறது. டிவி தொடர் நாயகனைப் பற்றி எவ்வளவுதான் பேசுவது? இதில் தோற்ற ஐஸ்வர்யா அதே வருடம் மிஸ் வேர்ல்ட் ஆனார். சுஷ்மிதா மிஸ் யுனிவர்ஸ் ஆனார். அதனால் யாரும் புகார் சொல்லவில்லை.

கடைசிக் கேள்விக்குச் 'சரியான' விடை உண்டா? 2000 மிஸ் வேர்ல்ட் மேடையில் பிரியங்கா சோப்ராவிடம், உயிரோடு இருப்பவர்களில் மிக வெற்றிகரமான பெண் யார் என்று கேட்டார்கள். அவர் அன்னை தெரசா என்றார். அன்னை 1997-லேயே மறைந்துவிட்டார். ஆனாலும் கிரீடம் பிரியங்காவுக்குத்தான். 2017-ல் அதே மேடையில் மானுஷி சில்லரிடம் அதிகச் சம்பளம் பெற வேண்டிய தொழில் எது என்று கேட்டபோது, தாய்மை என்றார்; பொருளாதார விடை அல்ல, அரங்கம் அதிர்ந்தது. 2018 மிஸ் இந்தியா மேடையில் அனுகிரீத்தியிடம் கேட்டது, வெற்றி, தோல்வி இரண்டில் சிறந்த ஆசான் எது என்று. தோல்விதான் என்றார். பதில் புதிது இல்லை. தாயின் தனி வளர்ப்பில் திருச்சியிலிருந்து வந்த பெண் சொல்லும்போது அதற்கு எடை கூடியது. கேள்வியின் தலைப்பைவிட்டு ஓடாமல், முதல் வாக்கியத்திலேயே நிலைப்பாட்டைச் சொல்லி, தன் வாழ்க்கையிலிருந்து ஒரு சான்று வைத்து, மூச்சு வாங்காமல் முடிப்பது. இவ்வளவுதான் சூத்திரம்.

அறிவிப்பில் முதலில் இரண்டாவது ரன்னர்-அப், அப்புறம் முதல் ரன்னர்-அப், அதற்குப் பின் வெற்றியாளர். 2015 மிஸ் யுனிவர்ஸில் தொகுப்பாளர் அட்டையைத் தவறாகப் படித்து கொலம்பியப் பெண்ணுக்குக் கிரீடம் சூட்டி, சில நிமிடங்களில் கழற்றிப் பிலிப்பைன்ஸ் பெண்ணுக்கு வைத்த கூத்து நினைவிருக்கும். ரன்னர்-அப் ஆவதை இழப்பு என்று நினைக்க வேண்டாம். 2018-ல் முதல் ரன்னர்-அப்பான மீனாட்சி சௌத்ரி இன்று தமிழிலும் தெலுங்கிலும் நடிக்கிறார்.

படி 7: கிரீடத்தோடு வரும் ஒப்பந்தம்

வெற்றியாளர் கையெழுத்திடும் தாளில் ஒரு வருட நிகழ்ச்சிகள், விளம்பரங்கள், யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பதெல்லாம் இருக்கும். விண்ணப்பிக்கும்போதே விதிமுறைகளை, முடிந்தால் தெரிந்த வக்கீல் ஒருவரோடு, படித்துவிடுங்கள். படிப்பு ஒரு வருடம் தள்ளிப்போகும் என்பதையும் வீட்டில் பேசிவிடுங்கள்.

அப்புறம் மிஸ் வேர்ல்ட். அங்கே நீச்சலுடைச் சுற்றை நிறுத்தப்போவதாக 2014 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டார்கள். சமூகப் பணித் திட்டத்துக்குத்தான் மதிப்பு. மானுஷி மாதவிடாய் சுகாதாரம் பற்றிய 'புராஜெக்ட் சக்தி'யோடு போய் சீனாவின் சான்யாவில் ஜெயித்தார். மறு வருடம் அதே ஊரில் அனுகிரீத்தி முதல் 30 இடங்களுக்குள் வந்தார். 2025-ல் ஹைதராபாத்திலேயே போட்டி நடந்தும் நம் நந்தினி குப்தா முதல் 20-ஓடு நின்றார். சொந்த மண்ணில் நடந்தால் சலுகை கிடைக்கும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

எங்கள் வீட்டில் இப்போது தினமும் சாயங்காலம் கேள்வி பதில். கேள்வி கேட்பது நான், நடுவர் அக்கா. நேற்று, "பெண்களுக்கு எது பெரிய சுதந்திரம்?" என்று கேட்டேன். மகள் அழகாகத்தான் சொன்னாள். அக்கா பத்துக்கு ஆறு போட்டுவிட்டு, "அரியர் பேப்பருக்கு எப்போ பணம் கட்டணும்?" என்றாள்.